மணிக்கு ஒருமுறை அணைக்கலாமா?

கேள்வி: மின்சாரம் மிச்சமாகட்டும் என்று செடி வளர்ப்பு விளக்கை டைமர் மூலம் மணிக்கு ஒருமுறை அணைத்துப் போடுகிறேன். ஆயுள் குறையுமா?

பதில்: எல்.இ.டி. சிப் இதற்கெல்லாம் சுலபத்தில் அசையாது. அடி வாங்குவது டிரைவரும் (சிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) டைமரும்தான். சுவிட்ச் போட்ட நொடியில் டிரைவரில் மின்னூட்டத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரை நிரப்ப, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அப்போது எழும் தீப்பொறியில், டைமருக்குள் சுவிட்ச் போல இயங்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், விளக்கு அணையவே அணையாது! பல விளக்குகள் இருந்தால் சில நொடி இடைவெளி விட்டு ஏற்றுங்கள். அல்லது அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் போடுங்கள்.

டியூப்லைட் என்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் இழையின் பூச்சு கொஞ்சம் உதிரும். ஓரங்கள் கறுப்பது அதனால்தான்.

கீரை வகைகளுக்கு 14-16 மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, நாளுக்கு ஒருமுறை அணைத்தால் போதும். மிச்சம் பிடிக்கத்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் இருக்கிறதே.