கைப்பிரதி பைக்குள்ளேயே இருந்தது

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞானஸ்நானம் எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து, எத்தனை பேருக்குச் சுவிசேஷம் அறிவித்தோம் என்று சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஷிப்டில் என் பக்கத்து மெஷினில் நிற்கும் நண்பர் இந்து. அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தேன். பையில் சுவிசேஷக் கைப்பிரதிகள் இருந்தன. எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. இதைச் சபையில் சொன்னபோது, "கர்த்தர் திறந்த வாசலை நீ அடைத்துவிட்டாய்" என்றார் ஒரு மூப்பர். என் மனைவியோ, இன்றைய நிலைமையில் வாயே திறக்க வேண்டாம், ஒழுங்காக வாழ்ந்தால் போதும் என்கிறாள். நான் சீஷன்தானா, அண்ணா?

— பெயர் வெளியிட வேண்டாம், கோவை

அன்புள்ள தம்பி,

சீஷன்தான். அந்த ராத்திரி நீங்கள் எந்த வாசலையும் அடைக்கவில்லை. அப்பா பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். மறுத்துப் பேசும் நிலையில் அவர் இல்லை. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள உங்கள் மனம் இடம் கொடுக்கவில்லையே, அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். மூப்பர் பாரத்தோடுதான் சொல்லியிருப்பார், அவர்மேல் கசப்பு வேண்டாம். ஆனால் இந்த விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் மனைவி சொல்வதோடும் முழுக்க உடன்பட முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ல் திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவருக்குப் பிறந்தவர். 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், நம் சபை மக்களின் காணிக்கையிலேயே நடக்க வேண்டும் என்று தொடங்கிய சங்கம் அது. பின்பு 1909ல் அவரே குடும்பத்தோடு தெலுங்கு நாட்டுக்கு, அன்றைய நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்னக்கல்லுக்குப் போனார். தெலுங்கு அவருக்குத் தாய்மொழி இல்லை. போய்த்தான் கற்றுக்கொண்டார். 1912ல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

டோர்னக்கல்லில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா என்னும், தீண்டாமைக்கு ஆளான சாதி மக்கள். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காதவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களை அவர் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைக்கச் சொல்வார். தண்ணீர் பட்ட அதே தலை. பிறகு ஒரு வாக்கியத்தைத் தம்மோடு சேர்ந்து சொல்ல வைப்பார்: நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." பவுல் கொரிந்தியருக்கு எழுதின வசனம். அதை அவர் குருமாருக்கும் சம்பளம் வாங்கும் ஊழியருக்கும் மட்டும் என்று வைக்கவில்லை. நாற்று நடுகிற பெண்ணின் வாயிலும் வைத்தார். 1945ல் அவர் காலமானபோது அந்தப் பேராயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகளை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது. அக்கம்பக்கத்து ஊருக்குப் போய், தங்களுக்கு நடந்ததைத் தாங்களே சொன்ன எளிய மக்களால் நடந்தது.

காந்தியடிகள் 1930களில் இந்த மாதிரி வேலையைக் கடுமையாக விமர்சித்தார். ரோஜாப்பூ தன் வாசனையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, நீங்களும் அப்படியே வாழுங்கள் என்பது அவர் வாதம். உங்கள் மனைவி சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவருக்கு, "நீ தேவனுடைய பிள்ளை" என்ற செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பக்கத்துத் தெருவில் அதே நிலைமையில் இருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லாதே என்று எப்படிச் சொல்வது? நல்ல செய்தி கிடைத்தவன் வாய் மூடிக்கொண்டிருப்பது அடக்கம் ஆகாது.

சரி, அப்படியானால் மூப்பர் சொன்னதுதானே சரி என்று கேட்பீர்கள். இல்லை. இதே அசரியா 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். ஆயிரத்துக்கும் அதிகமான பிரதிநிதிகள் வந்திருந்தார்கள், அதில் ஆசியச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. முப்பத்தாறு வயதுகூட நிரம்பாத இந்தத் தமிழர் எழுந்து, மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, நீங்கள் எங்களுக்குச் செய்தீர்கள், ஆனால் எங்களோடு சமமாகப் பழகவில்லை என்கிற கருத்தில் பேசினார். "ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!" என்று முடித்தார். அரங்கில் இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை.

"சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ" என்று பிறரைச் சொல்ல வைத்தவரும், "நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவரும் ஒரே மனிதர். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. நட்பு இல்லாமல் சொல்லும் சுவிசேஷம் கேட்பவரைக் கீழே உட்கார வைத்துவிடுகிறது. சொல்பவர் மேலே நின்றுகொள்கிறார். இயேசு எப்படிப் பேசினார் என்று யோவான் 4ஆம் அதிகாரத்தில் பாருங்கள். சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் சொன்னது "தாகத்துக்குத் தா." அவளுக்குக் கொடுப்பதற்கு முன் அவளிடம் கேட்டார். யூதர்கள் புழங்காத கையிலிருந்து தண்ணீர் கேட்டார். அந்தப் பெண்ணும் ஊருக்குள் ஓடிப்போய் உபதேசம் செய்யவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்லி, "வந்து பாருங்கள்" என்றாள். "அவர் கிறிஸ்துதானோ" என்று ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நண்பருக்கு நீங்கள் உதவினீர்கள், நல்லது. அவரிடம் நீங்கள் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா? அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? உங்கள் கஷ்டத்தை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். இதைச் சுவிசேஷம் சொல்ல ஒரு உத்தியாகச் செய்யக் கூடாது. அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தாலும் நட்பு குறையக் கூடாது. குறையுமானால், முதலிலிருந்தே அது நட்பாக இருந்திருக்காது.

அப்பா உடல்நிலை பற்றி அவர் பேசும்போது, "நான் ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வீட்டில் போய்ப் பண்ணுங்கள். என்றாவது அவரே, "ஏன்ப்பா, சொந்தக்காரனே வரல, நீ எதுக்கு ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தே?" என்று கேட்பார். அப்போது சும்மா சிரித்து மழுப்பாதீர்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறார் பேதுரு. சாந்தத்தோடும் வணக்கத்தோடும். மேடைப் பேச்சு வேண்டாம், இயேசு உங்களுக்கு யார் என்பதை நீங்கள் டீக்கடையில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். அவருடைய சாமியைக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது.

மனைவியின் பயத்தை லேசாக எண்ண வேண்டாம், அது உங்கள்மேல் உள்ள அக்கறை. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தன் மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நமக்கு விசுவாச ரீதியாக என்ன நஷ்டம்? மனதை மாற்றுவது பரிசுத்த ஆவியானவரின் வேலை, நம்முடையது இல்லை.

எனக்கு உண்மையில் வேதனை தருவது வேறொன்று. சபைத் தேர்தலில் அடிதடி, கோர்ட்டில் வழக்கு, கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்த்து இடம். உங்கள் நண்பர் போன்றவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் கொடுக்கும் கைப்பிரதிக்கு முன்பே இவை அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மாதக் கடைசி ஞாயிறு எண்ணிக்கை கேட்பதற்குப் பதிலாக, இந்த மாதம் யாரோடு ஒப்புரவானோம் என்று சபை கேட்கலாம். உங்கள் போதகரிடம் பணிவாக இதைச் சொல்லிப் பாருங்கள். எழுந்து நிற்கும் முறை வரும்போது, "ஒரு நண்பருக்காக ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி உட்காருங்கள். அவர் அனுமதி இல்லாமல் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நண்பரின் அப்பாவுக்கு இப்போது கை கால் அசைகிறதா, பேச்சு திரும்பியதா என்று எழுதுங்கள். எங்கள் வீட்டு ராத்திரி ஜெபத்தில் அவரைச் சேர்த்திருக்கிறோம்.

அன்புடன்,
அண்ணன்