ஆர்வம் இருக்கிற நாளில் குறைத்து ஓடுங்கள்

கேள்வி: "தினமும் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன். மூன்றாவது வாரம் முட்டி வலி, அப்புறம் மழை, அப்புறம் யாராவது வீட்டுக் கல்யாணம், அதோடு நின்றுவிடுகிறது. வயது 36, ஆபீஸ் வேலை, ஊர் பாளையங்கோட்டை. மன உறுதியை வளர்ப்பது எப்படி?"

மன உறுதி கிடக்கட்டும். முதல் நாள் எவ்வளவு ஓடினீர்கள் என்று சொல்லியிருந்தால் பாதிப் பதில் அதிலேயே கிடைத்திருக்கும். சொல்லாவிட்டாலும் ஊகிக்கலாம், ஏனென்றால் நம்ம வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஜனவரி முதல் வாரத்தில் போய் நின்றால் நேரிலேயே பார்க்கிற காட்சிதான் அது: அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த ஷூ, கையில் புது வாட்ச், முதல் சுற்றிலேயே நாக்குத் தள்ளுகிற ஓட்டம். அதே நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசிக்கொண்டே நடக்கிற அண்ணாச்சிமார் கூட்டம் ஒன்றும் இருக்கும். பொங்கல் கழிந்து போய்ப் பாருங்கள், அண்ணாச்சிமார்தான் மிச்சம் இருப்பார்கள். மூச்சிரைத்து உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் அவர்களில் ஒருவர், "மெள்ள ஓடுடே, கிரவுண்டு எங்கயும் போயிராது" என்றார். என்னுடைய பதிலும் ஏறக்குறைய அதேதான்.

உங்கள் மூன்றாவது வாரத்து முட்டி வலியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஓட ஆரம்பித்தால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசையும் சீக்கிரம் ஒத்துழைக்கும், தொடக்கத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை பெருப்பதால் வருவது இல்லை, நரம்புகள் அதை இயக்கப் பழகுவதால் வருவது. ஆனால் தசையை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற தசைநாண்கள் மெதுவானவை, அவை பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டாவது வாரம் முடியும்போது "அட, மூச்சே வாங்கலையே" என்று நாம் தூரத்தைக் கூட்டுவோம், சரியாக அந்த நேரத்தில்தான் முட்டி தயாராக இருக்காது. வலி வரும், நிறுத்துவோம், அப்புறம் எனக்கு மன உறுதி இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்வோம்.

ஆகவே உற்சாகம் பொங்குகிற நாளில்தான் கடிவாளம் வேண்டும். இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் போகத் தோன்ற வேண்டுமே, அதற்காகத்தான். வேகத்துக்கு அளவுகோல் வேண்டுமென்றால் வாட்ச் எல்லாம் தேவையில்லை: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான வேகம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

நம்ம மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க இளவட்டக்கல் போதும். பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள், கல் ஒரே எடையில் இருக்காது, சிறிதும் பெரிதுமாக வரிசையாகக் கிடக்கும். முதல் நாளே பெரிய கல்லில் கை வைக்கிறவனை ஊரே சிரிக்கும்.

பழக்கம் ஆக 21 நாள் என்று எல்லோரும் சொல்வதை நம்பித்தான் பலரும் 22-ஆவது நாள் நொந்துபோகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இதை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள்: ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாற சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை என்று அதில் தெரிந்தது. ஆக, கல்யாண வீட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கல்யாணம் முடிந்து திரும்பியதும் விட்ட நாளுக்கும் சேர்த்து ஓடிச் சரிக்கட்டப் பார்க்கிறோமே, அதுதான் கெடுக்கிறது. ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

மழை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மைதானம் சேறாகத்தான் கிடக்கும், இது வருஷா வருஷம் வருவது, அதை என்னவோ எதிர்பாராத விபத்து மாதிரி ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்று தெரியவில்லை. மழைக்காலத்துக்கு என்று வீட்டுக்குள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், படி ஏறி இறங்குவது. இதெல்லாம் ஓட்டத்துக்கு மாற்று மட்டும் இல்லை, உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான நடையோ ஓட்டமோ போக, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. 150 நிமிடம் என்றால் தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவுதான். 10,000 அடி நடந்தே ஆகவேண்டும் என்பது 1960-களில் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவியை விற்க வந்த கணக்கு, அதற்காகத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், நம்ம ஊர் வெயிலோடு வீறாப்பு வேண்டாம்.

எடை மெஷினை ஒளித்து வையுங்கள். அரை மணி நேர வேக நடையில் எரிவது சுமார் 150 கலோரி, 100 கிராம் அல்வாவில் அதைப் போல் இரண்டு மடங்காவது இருக்கும். அல்வாவை விடச் சொல்லவில்லை, திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் நடையின் பலனை கிலோவில் தேடினால் ஒரு மாதத்தில் வெறுத்துப்போகும். ராத்திரித் தூக்கம், கலெக்டர் ஆபீஸ் மாடிப்படி, சாயங்காலம் வருகிற சிடுசிடுப்பு, இவற்றில் தேடுங்கள், அங்கே சீக்கிரம் தெரியும்.

ஜிம்முக்கு வருஷப் பணம் மொத்தமாகக் கட்டினால் போயே தீருவோம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மாதா மாதம் கட்டுங்கள். பணத்தைவிட வாசலில் வந்து ஹாரன் அடிக்கிற கூட்டாளிதான் வேலை செய்வான், அவன் உங்களைவிட மெதுவாக ஓடுகிறவனாக இருந்தால் ரொம்ப நல்லது.

உங்களுக்கு இப்போதைக்கு: ஓட்டத்தை நிறுத்துங்கள், நடங்கள். முட்டியில் வீக்கம் இருந்தாலோ, படி இறங்கும்போது மடங்கிக்கொண்டு போனாலோ நடக்கிறதுக்கு முன்னாலேயே எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் வந்திருந்தால், உங்களுக்கு சுகர், பிரஷர் இருந்தால், பெருமாள்புரத்துப் பையன் ஓடுகிறானே என்று பார்க்காமல் ஒரு செக்கப் முடித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக்கூடாது. வலி இல்லாமல் ஒரு மாதம் நடந்த பிறகு, இரண்டு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று கலந்து பாருங்கள். ஷூ அப்போது வாங்கிக்கொள்ளலாம்.