களனிக்கு மற்ற ஆறுகள் எதற்கு?

கேள்வி: களனி கங்கை வெள்ளத்தைக் கணிக்க அந்த ஆற்றின் கணக்கே போதாதா? நூற்றுக்கணக்கான ஆறுகளை ஏன் ஆராய்கிறார்கள்?
– வாசகி, கொலன்னாவை

பதில்: போதாது சகோதரி. மழையைக் கொண்டு ஆற்றுநீரைக் கணிக்கும் மொடல் ஒன்றை ஒரே ஆற்றின் பழைய கணக்கை வைத்துச் சரிசெய்தால், அது அந்த ஆற்றுக்கு நன்றாகத்தான் பொருந்தும், ஆனால் இதுவரை காணாத மழை வந்தாலோ, அளவுமானியே இல்லாத கிளையாறு பெருகினாலோ தடுமாறிவிடும். பெய்யும் மழையெல்லாம் ஆற்றுக்கு வருவதில்லை. கித்துல்கலைப் பக்கம் காய்ந்த மண்ணில் விழும் முதல் மழையில் நிறைய மண்ணே குடித்துவிடும். நாலு நாள் ஊறிய பிறகு அதே அளவு பெய்தால், பெரும்பகுதி ஓடிவந்து ஹங்வெல்லையைத் தாண்டி உங்கள் வாசற்படியில் நிற்கும். சரிவும் மண்ணும் காடும் இதை எப்படி மாற்றுகின்றன என்று ஓர் ஆறு மட்டும் சொல்லித்தராது.

அமெரிக்காவில் 671 நீரேந்துப் பகுதிகளின் (மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்புகளின்) தரவைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். அதில் 531ஐச் சேர்த்துப் பயிற்றிய ஒரே கணினி மொடல், ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனியாகத் திருத்திய பழைய மொடல்களைப் பொதுவாக முந்தியது. எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்த ஆறுகள் நம் பருவமழையைக் கண்டவை அல்ல, அதனால் மகாவலி, களு, ஜின் கங்கைகளின் நாளாந்தக் கணக்கும் அதோடு சேர வேண்டும்.