மீட்டரைச் சுவரிலிருந்து சட்டைக்கு மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் கிடங்கில் எல்பிஜி ஃபோர்க்லிஃப்ட்டுகள் ஓடுகின்றன. சுவரில் மாட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் 10 பிபிஎம்மை (பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற அளவு) தாண்டியதே இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் லோடு ஏற்றுபவர்களுக்குத் தலைவலி. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் சரியாகவே இருக்கலாம், இருக்கும் இடம்தான் தப்பு. கண்டெய்னருக்குள் வண்டி நுழைந்ததும் புகை அங்கேயே தேங்குகிறது. சுவருக்கு வந்து சேர்வதற்குள் நீர்த்துப்போகிறது. தலைவலி என்று ஆட்கள் சொல்லும்போது அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கண்டெய்னருக்குள் எஞ்சின் ஓடுவதை இன்றே நிறுத்துங்கள். தலைவலி உள்ளவரை வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அளப்பதற்கு, பதிவு வசதியுள்ள சிறிய மீட்டரை ஆளின் காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் மாட்டுங்கள். இடுப்பு பெல்ட் கூடாது. சென்சார் துளையை ஜாக்கெட் மூடவும் கூடாது. ஷிஃப்ட்டுக்கு முன் திறந்தவெளியில் பூஜ்யம் வையுங்கள். பலர் வழுக்குவது இங்கேதான்: 8 பிபிஎம் இருக்கும் ஷெட்டுக்குள் பூஜ்யம் வைத்தால், அன்று முழுக்க மீட்டர் 8 குறைத்தே காட்டும். அடுத்து, அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி, காட்டும் எண் அதனோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் இன்னொரு முறை இதே சோதனை. நிமிடத்துக்கு ஒரு பதிவாவது இருக்கட்டும். ஆள் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பதைத் தாளில் குறிக்காவிட்டால், பிறகு அந்தப் பதிவுகளின் வரைபடத்தை யாராலும் படிக்க முடியாது.

கண்டெய்னரில் 2 மணி நேரம் 90 பிபிஎம், வெளியே 6 மணி நேரம் 12 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 180 + 72 = 252; எட்டால் வகுத்தால் சராசரி 31.5. அமெரிக்காவில் ஓஷாவின் (பணியிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு) சட்ட வரம்பு 50, நையாஷின் (அதே துறைக்கான அரசு ஆய்வு நிறுவனம்) பரிந்துரை 35. இரண்டுக்கும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் ஏசிஜிஐஹெச் என்ற தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்பு சொல்லும் 25-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே சராசரியோடு நிற்காமல் உச்சத்தையும் பாருங்கள். எந்த நேரத்திலும் 200-ஐத் தாண்டக் கூடாது என்பதும் நையாஷ் பரிந்துரையே.

கேள்வி: பேட்டரி சார்ஜ் ஏற்றும் அறைக்குள் போனாலே இதே மீட்டர் கத்துகிறது. அங்கே எஞ்சினே கிடையாதே?

பதில்: பெரும்பாலும் ஹைட்ரஜனாக இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது அது வெளிவரும். சாதாரண மின்வேதி சென்சார் அதையும் கார்பன் மோனாக்சைடாகவே எண்ணும். ஹைட்ரஜன் ஈடு செய்யப்பட்ட, அதாவது ஹைட்ரஜனால் வரும் கூடுதலைக் கழித்துக் காட்டும் சென்சார் கேட்டு வாங்குங்கள். அலாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள்: காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறியில் தீப்பற்றலாம். முதலில் அந்த அறையின் காற்றோட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி: மீட்டருக்குப் பதில் ரத்தப் பரிசோதனை போதுமா?

பதில்: துணைக்கு உதவும், மாற்றாகாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு 4–5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே ஷிஃப்ட் முடிந்த கையோடு ரத்தம் எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் எடுப்பது வீண். புகைபிடிப்பவர் ரத்தத்தில் அது முன்பே இருக்கும் என்பதால், அவருக்கு ஷிஃப்ட்டுக்கு முன்பும் எடுங்கள்.