மாமா தருவது அன்பளிப்பா, கடனா?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். இருவருக்குமாகக் கைக்கு வருவது மாதம் 85,000 ரூபாய். ஈரோட்டில் 60 லட்சத்துக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறோம். அப்பா காலமான பிறகு காங்கேயம் பக்கத்துப் பூமியை விற்றதில் என் பங்கு என்று அண்ணன் 9 லட்சம் கொடுத்தார். அதில் ஒன்றரை லட்சம் ரொக்கம்; பான் எண் கேட்பார்கள் என்று 49,000 வீதம் பிரித்துக் கட்டினேன். எங்கள் சேமிப்பு 3 லட்சம். தாய்மாமா 6 லட்சம் தருகிறார். "பேங்குக்கு அன்பளிப்பு என்று கடிதம் கொடுக்கிறேன், எனக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு ஒரு கடன் நோட்டு மட்டும் எழுதிக் கொடுத்துவிடு அம்மணி" என்கிறார். ஒவ்வொரு வரவுக்கும் ஆதாரம் கேட்டு வங்கி கோப்பைத் திருப்பிவிட்டது. என்ன செய்வது?

பதில்: அப்பாவின் பூமிப் பணத்தை நிரூபிப்பது சிரமமே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்த நோட்டு. நம் பக்கத்தில் கடனைச் 'சும்மா கொடுத்தது' என்று சொல்லும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதுதான் உங்களைக் கெடுக்கப் போகிறது.

கணக்கைப் பாருங்கள். 60 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 48 லட்சம் வரை தரலாம். மீதி 12 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம் என்றால் இன்னொரு 5.4 லட்சம். ஆக 17.4 லட்சம் வேண்டும். சொந்தமாக இருப்பது 12. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 41,700 ரூபாய். மாமாவுக்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 9,000. இரண்டும் போக வீட்டுச் செலவுக்கு 34,300தான் நிற்கும். ஐந்து வருடத்தில் மாமாவுக்கு வட்டி மட்டுமே 5,40,000 போயிருக்கும். அசல் 6 லட்சம் அசையாமல் நிற்கும்.

அன்பளிப்புக் கடிதத்தில் உயிரான வரி ஒன்றுதான்: இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நோட்டை மாமாவின் பீரோவில் வைத்துக்கொண்டு அந்த வரியை வங்கியிடம் கொடுத்தால் அது பொய் அறிவிப்பு. அந்த 9,000 தெரியாமலேயே வங்கி உங்கள் தாங்கும் சக்தியை எடை போட்டுவிடும். மாமா உண்மையாகவே கொடுப்பதானால் நோட்டு வேண்டாம். அவர் கணக்கிலிருந்தே பணம் வரட்டும், அது அவர் கணக்குக்கு எப்படி வந்தது என்பதும் தெரியட்டும். அம்மாவின் உடன்பிறந்தவர் வருமான வரிச் சட்டப்படி உறவினர், எனவே உங்களுக்கு வரி கிடையாது. மாமா மகனின் கணக்கிலிருந்து வந்தால் கதை வேறு. சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் மாமா மகன் இல்லை. வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும்.

இப்போது அப்பாவின் பணம். இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழும் உங்களிடம் இருக்கும். கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விற்றவர்களில் ஒருவராக நீங்களும் கையெழுத்திட்டிருந்தால், அந்தப் பத்திரமும், அண்ணன் கணக்கில் கிரயத் தொகை ஏறிய பக்கமும், உங்களுக்கு அனுப்பிய பக்கமும் போதும். விற்பதற்கு முன்பே உங்களிடம் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதி வாங்கியிருந்தால், அதில் தொகை சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் பல பெண்களுக்கு இது கையெழுத்துப் போட்ட அன்றோடு மறந்துபோகிறது. 'பிரதிபலன் இல்லாமல் விட்டுக்கொடுத்தேன்', அதாவது பணம் எதுவும் வாங்காமல், என்று இருந்தால், வங்கியின் கண்ணில் இந்த 9 லட்சம் அண்ணன் தந்த அன்பளிப்பு. அப்போதும் வரி இல்லை. ஆனால் கடிதத்தில் 'பூர்வீகப் பங்கு' என்று எழுதினால் பத்திரத்தோடு முரண்படும், கோப்பு மறுபடியும் திரும்பும்.

ரொக்கத்தைப் பிரித்துக் கட்டியது தேவையில்லாத வேலை. ஒரே நாளில் பான் எண்ணோடு கட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 49,000, 49,000 என்று வரிசையாக நிற்பதுதான் சந்தேகம் கிளப்புகிறது. அண்ணன் பாஸ்புத்தகத்தில் அந்தப் பணம் எடுத்த தேதிகளைக் குறித்து, அவர் கையெழுத்தோடு ஒரு விளக்கம் கொடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மாமாவின் பணத்துக்குப் பதிலாகச் செயலியில் உடனடிக் கடன் வாங்கி மூன்று மாதம் கணக்கில் போட்டு வைக்கலாம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையில், அதாவது வங்கி பார்க்கும் உங்கள் கடன் வரலாற்றில், ஏறிவிடும். வீட்டுக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும், பிரீமியத்தை ஒரே தடவையில் மொத்தமாக வாங்கும் காப்பீட்டுக்கும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

என் யோசனை, 40 லட்சத்தில் வீடு தேடுங்கள். கடன் 32, உங்கள் பங்கு 8, பதிவுச் செலவு 3.6. மொத்தம் 11.6 லட்சம், கையில் 12 இருக்கிறது. தவணை 27,800 ரூபாய். மாமாவிடம் ஒரு பைசா வாங்க வேண்டாம். மறுப்பது கஷ்டம் என்று தெரியும். அதை அவரிடம் சொல்லப் போகும்போது அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.