இருளில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்ற மேலங்கி

கேள்வி: கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு அதிகாலை நாலரை மணிக்குச் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். வாகனச் சாரதிகளின் கண்ணில் படும் மேலங்கியை மலிவாக வாங்குவது எப்படி?

பதில்: பளிச்சென்ற மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்த நிறம் சூரிய ஒளியிலுள்ள புறஊதா, நீலக் கதிர்களால்தான் அவ்வாறு மிளிர்கிறது. நாலரை மணி இருட்டில் உங்களைக் காட்டிக்கொடுப்பது, வாகன விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் வெள்ளிநிறப் பட்டிதான். புறக்கோட்டையில் கட்டடத் தொழிலாளருக்கென விற்கும் வலைத்துணி மேலங்கியே போதும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் அதுவே உகந்தது. பளிச்சென்று கண்ணில் படும் உடைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20471 குறி இருந்தால் நல்லது. பட்டி 5 சென்ரிமீற்றர் அகலமாவது இருக்கட்டும். வாங்கியதும் இருட்டறையில் தொங்கவிட்டு, பத்தடி தள்ளிநின்று, கைப்பேசி விளக்கைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: நல்ல பட்டி வெள்ளையாய்ச் சுடர்விடும், மட்டமானது சாம்பலாகவே கிடக்கும். முதுகுப்பை பட்டியை மறைத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே பைக்கு மேலாக அணியக்கூடிய பெரிய அளவை எடுங்கள். மிச்சப்படும் பணத்தில் கணுக்காலுக்கு இரண்டு பட்டிகள் வாங்குங்கள், ஏனெனில் மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டதுமே அது சைக்கிள்காரர் என்று சாரதிக்குப் புரிந்துவிடும். முன்விளக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் இல்லாமல் மட்டும் தயவுசெய்து புறப்படாதீர்கள்.