நகர மன்றக் கூட்டத்தில் ஐம்பது தீர்மானங்கள் அரை மணி நேரத்தில் எப்படி நிறைவேறுகின்றன? குழுக்கள் என்னதான் செய்கின்றன?

கேள்வி கேட்டவர் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு மன்றக் கூட்டத்தை முழுதாகப் பார்த்திருக்கிறார். தலைவர் எண்ணை மட்டும் வாசிக்கிறார், உறுப்பினர்கள் தலையசைக்கிறார்கள், அடுத்த எண். ஐம்பது பொருள்கள் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. "எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் 11 ஆண்டுகள் ஒரு நகர மன்றத்தின் குழுப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். கூட்ட அறிவிப்பு அனுப்புவது, பொருள் நிரல் தொகுப்பது, கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. அங்கே எனக்குப் பேச உரிமை கிடையாது. ஆனால் ஒரு விஷயம் எந்த அறையில் பிறந்து, எந்த அறையில் உருமாறி, எந்த அறையில் கையெழுத்தாகிறது என்பதை முழுதாகப் பார்க்க முடிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் பார்த்தது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் வேறு அறைகளில், வேறு நாட்களில் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீங்களும் போயிருக்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மன்றத்தில் 60 உறுப்பினர்கள் என்று வையுங்கள். ஒரு பொருளில் ஆளுக்கு 3 நிமிடம் பேசினால் 180 நிமிடம், அதாவது 3 மணி நேரம். ஐம்பது பொருளுக்கு 150 மணி நேரம். எந்த மன்றத்தாலும் இது முடியாது. அதனால்தான் உறுப்பினர்களைப் பிரித்து நிதி, பொதுப்பணி, சுகாதாரம், கல்வி, நகரமைப்பு என்று நிலைக்குழுக்கள் அமைக்கிறார்கள். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒரே துறையை வருடம் முழுக்கப் பார்ப்பதால், புதிதாக வந்தவர்கூட ஆறு மாதத்தில் பொறியாளரிடம் சரியான கேள்வி கேட்கப் பழகிவிடுவார். பெரிய மன்றத்தில் மேடைப் பேச்சாகப் பேசுபவர், குழுவில் மேசையைச் சுற்றி உட்காரும்போது வேறு மனிதராகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எதிர்க்கட்சி உறுப்பினர் சொன்ன திருத்தத்தை ஆளும் தரப்பு சத்தமில்லாமல் ஏற்பது குழுவில்தான் நடக்கும். மன்றத்தில் அதே திருத்தம் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்.

குழுக்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே அதிகாரம் இருப்பதில்லை. இந்தியாவில் மும்பை மாநகராட்சியின் 1888 ஆம் ஆண்டுச் சட்டம் மாமன்றம், நிலைக்குழு, ஆணையர் என்று மூன்றையும் தனித்தனி அதிகார அமைப்புகளாகவே வைத்தது. பிரிட்டனில் நீண்ட காலம் குழுக்களே நகரங்களை நடத்தின. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, பெரும்பாலான இடங்களில் சிலர் மட்டும் அடங்கிய அமைச்சரவை போன்ற அமைப்பிடமோ நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரிடமோ முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தது. மற்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்பவர்களாக ஆனார்கள். 2011 ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பினால் பழைய முறைக்குத் திரும்பலாம் என்றது. ஷெஃபீல்ட் நகர மக்கள் 2021 இல் வாக்கெடுப்பு நடத்திக் குழு முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிஸ்டல் மக்கள் மேயர் பதவியையே வேண்டாம் என்று வாக்களித்துக் குழு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். குழுக்கள் வெறும் சம்பிரதாயம் என்றால் மக்கள் வாக்குச்சாவடி வரை போய் அவற்றைத் திரும்பக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. கால்வெஸ்டன் நகரைப் புயல் சூறையாடியது 1900 இல். மறு ஆண்டே அங்கே ஐந்து ஆணையர்கள் ஆளுக்குச் சில துறைகளைக் கையில் எடுக்கும் முறை வந்தது. டேட்டன் நகரம் 1913 வெள்ளத்துக்குப் பிறகு, மன்றம் கொள்கையை வகுக்க, மன்றமே நியமிக்கும் ஒரு மேலாளர் நிர்வாகத்தை நடத்தும் முறைக்கு மாறியது. ஆக, உங்கள் ஊரில் எந்த முறை இருந்தாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தக் குழுவுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா, பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டும்தானா? மன்றத்தின் நடைமுறை விதிகளில் இது எழுதப்பட்டிருக்கும். முடிவெடுக்கும் குழு என்றால் அங்கேயே கதை முடிந்துவிடும், மன்றத்துக்குத் தகவலாக மட்டும் வரும்.

சரி, ஒரு பொருள் எப்படிப் பயணிக்கிறது? அதிகாரி ஓர் அறிக்கை எழுதுகிறார். என் கணிப்பில் முழுப் பயணத்திலும் முக்கியமான இடம் இதுதான். அறிக்கையில் பின்னணி, மாற்று வழிகள், நிதித் தாக்கம், சட்ட நிலை என்று பல பகுதிகள் இருக்கும். கடைசியில் "பரிந்துரை" என்று இரண்டு மூன்று வரிகள். பெரும்பாலான உறுப்பினர்கள் முதலில் படிப்பது அந்த வரிகளைத்தான். அந்த வரிகளே பின்னாளில் ஒரு சொல்லும் மாறாமல் தீர்மானமாகிவிடும். மூன்று மாற்று வழிகள் கொடுக்கப்பட்டிருந்தால் அவற்றை வகுத்தது யார், நான்காவது ஒன்று ஏன் இல்லை என்று கேட்கிற உறுப்பினர் ஒரு குழுவில் ஒருவர் இருந்தாலே அந்தக் குழு நன்றாக வேலை செய்யும்.

அப்புறம் குழுத் தலைவரும் அதிகாரிகளும் கூட்டத்துக்கு முன்பு ஒருமுறை உட்கார்ந்து நிரலைப் பார்ப்பார்கள். எது முதலில், எது கடைசியில், எது அடுத்த மாதத்துக்கு என்பதெல்லாம் அங்கே தீரும். கட்சிகள் வலுவாக இருக்கும் மன்றங்களில் முந்தின நாள் மாலை கட்சி உறுப்பினர்கள் தனியாகக் கூடி, எப்படி வாக்களிப்பது என்று பேசிவிடுவார்கள். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சில விஷயங்களில் முடிவு அந்த மாலையிலேயே எடுக்கப்படுகிறது. அந்த அறைக்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் அன்றாட விஷயங்கள் பெரும்பாலானவற்றில் கட்சிக்கு ஒரு நிலைப்பாடே இருக்காது. அங்கே குழுவில் வருகிற ஒரு நல்ல கேள்விக்கு முழு மதிப்பு உண்டு.

ஓர் உதாரணம். ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சற்றுத் தள்ளி மாற்றும் பொருள் பணிகள் குழுவுக்கு வந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பார்வையாளராக ஒரு பெண்மணி வந்திருந்தார். அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்த வரைபடத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். பேச அனுமதி கேட்டு, ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "இந்தப் படத்தில் நடைபாதை என்று காட்டியிருக்கும் இடத்தில் நான்கு படிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படி ஏறுவார்?" பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். சாலையின் மறுபக்கம் நின்றுதான் இடத்தைப் பார்வையிட்டோம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். தலைவர் பொருளைத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் சாய்தளத்துடன் புதிய வரைபடம் வந்தது. குழு ஏற்றது. மன்றத்தில் அந்தப் பொருள் பத்து விநாடியில் நிறைவேறியது. அன்றைக்கு மன்றத்துக்கு மட்டும் வந்தவர், "யாருமே விவாதிக்கவில்லையே" என்றுதான் நினைத்திருப்பார்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. இன்றுவரை என் மனதில் உறுத்துகிறது. நூலகக் கிளைகளின் வேலை நேரத்தைக் குறைக்கும் முடிவு மன்றத்துக்கு வந்த நாளில் நாற்பது பேர் திரண்டு வந்தார்கள். குழந்தைகளை அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். மூன்று பேருக்குப் பேச நேரம் கிடைத்தது, நன்றாகவும் பேசினார்கள். ஆனால் அதற்குள் வரவு செலவுத் திட்டம் அந்தக் குறைப்பை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. பணியாளர் ஒப்பந்தங்கள் மாறியிருந்தன. அதைத் திருப்ப வேண்டுமென்றால் மன்றம் வேறு பத்து இடங்களைக் கலைக்க வேண்டும். அது நிறைவேறிவிட்டது. ஐந்து வாரங்களுக்கு முன்பு அதே பொருள் குழுவில் வந்தபோது பார்வையாளர் இருக்கைகள் அத்தனையும் காலியாக இருந்தன. ஏன் யாரும் வரவில்லை? நிரலில் அதன் தலைப்பு "கிளைகளின் சேவை நேரச் சீரமைப்பு". நூலகம் என்ற சொல்லே தலைப்பில் இல்லை. துறையிலிருந்து அப்படித்தான் வந்தது, நானும் அப்படியே தட்டச்சு செய்தேன். அதற்குப் பிறகு எந்தத் தலைப்பு வந்தாலும், பாதிக்கப்படுகிறவருக்கு இது தன்னைப் பற்றியது என்று புரியுமா என்று பார்த்துத் திருத்திக் கேட்கத் தொடங்கினேன். மேலதிகாரிகள் சிலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை.

குழு அறையின் கதவு திறந்திருப்பதும் தானாகக் கிடைத்த உரிமை இல்லை. பிரிட்டனில் 1908 ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகையாளர்களை மன்றக் கூட்டத்துக்குள் அனுமதித்தது. சில மன்றங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன: மன்றம் முழுவதும் தன்னை ஒரு குழுவாக அறிவித்துக்கொள்ளும், பிறகு நிருபர்களை வெளியே அனுப்பும். அந்த ஓட்டையை அடைக்க ஒரு தனிநபர் மசோதா வந்தது. கொண்டுவந்தவர் அப்போது புதிதாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர். 1960 இல் அவருடைய கன்னிப்பேச்சே அந்த மசோதாவைப் பற்றியதுதான். அது சட்டமான பிறகும் சாதாரணக் குழுக்களின் கதவு மூடியே இருந்தது. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அது திறந்தது. கலிஃபோர்னியாவில் 1953 ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கூட்டத்துக்கு வெளியே கூடி மன்ற விஷயத்தைப் பேசுவதையே அது தடுக்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பதும் இப்போது அதில் இருக்கிறது. மூன்று நாள் என்பது சின்னக் கால அளவாகத் தோன்றலாம். ஒரு வரைபடத்தை அச்செடுத்து, நேரில் போய்ப் படிகளை எண்ணிப் பார்க்க அது போதும்.

இதனால்தான் அறிவிக்காமல் கூட்டத்தின் நடுவே மேசையில் வைக்கப்படும் பொருள்களைப் பற்றி எனக்கு எப்போதும் கவலை உண்டு. உண்மையான அவசரம் சில நேரம் இருக்கும். ஆனால் ஒரு குழுவில் மாதாமாதம் அவசரம் வந்துகொண்டே இருந்தால், உறுப்பினர்கள் படிக்காமலே வாக்களிக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட குழுவை உள்ளூர்ப் பத்திரிகைகள் கவனிக்க வேண்டும்.

நடவடிக்கைக் குறிப்பின் மொழியையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். "பதிவு செய்யப்பட்டது" என்றால் கேட்டுக்கொண்டார்கள், வேறொன்றும் நடக்காது. "ஏற்கப்பட்டது" என்றால் செயலாகும். "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்பதில் உயிர் இருக்கிறது. தேதி குறிப்பிடாமல் "ஒத்திவைக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், யாராவது விடாமல் கேட்டால்தான் அது திரும்பி வரும். குறைவெண் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாததால் கூட்டம் நடக்கவில்லை என்று அடிக்கடி எழுதியிருந்தால், அந்தக் குழுவின் உறுப்பினர்கள் உங்களிடம் வாக்கு கேட்க வரும் நாளில் அதை அவர்களிடம் கேளுங்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீண்ட உரை தயாரிக்க வேண்டாம். அறிக்கையின் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். பக்க எண் சொன்னவுடன் பத்து உறுப்பினர்களும் அந்தப் பக்கத்தைத் திருப்புவார்கள். சிலர் அப்போதுதான் அதை முதன்முதலாகப் படிப்பார்கள். கூட்டத்துக்கு முன்பே குழு உறுப்பினர் ஒருவரிடம் பேசிவைத்தால் இன்னும் நல்லது. பார்வையாளரால் திருத்தம் முன்மொழிய முடியாது. உறுப்பினரால் முடியும், வழிமொழிய இன்னொருவர் கிடைத்தால் அது வாக்கெடுப்புக்கே போகும்.

கடைசியாக, நீங்கள் பார்த்த அந்த ஐம்பது பொருள்கள். அந்தக் கூட்டத்தின் நிரலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் கீழ் குழுவின் பெயரும், அது கூடிய தேதியும், குழுத் தீர்மான எண்ணும் இருக்கும். உங்கள் தெருவைத் தொடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதியின் குறிப்பையும் முதலில் வைக்கப்பட்ட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியிருக்கிறது, யார் கேட்டு மாறியிருக்கிறது என்று தெரியும். எந்தக் குறிப்பும் இல்லாமல் நேராக மன்றத்துக்கு வந்த பொருள் ஏதாவது இருந்தால், அதன் எண்ணை இங்கே கருத்தில் போடுங்கள். எப்படி மேலே விசாரிப்பது என்று சொல்கிறேன்.